அந்த வீட்டுக்குள் இன்னும் யாரோ இருக்கிறார்கள்... காதலும் பயமும் கலந்த நாவல்களில் எதைப் படிக்கலாம்? | படிச்சாச்சா?

"அக்கா, லவ் ஸ்டோரியும் வேணும், த்ரில்லரும் வேணும். பேய் இருந்தா டபுள் ஓகே. ஆனா எங்க அம்மாவும் என் போன்லதான் படிப்பாங்க. அவங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும். நாலு புக் சொல்லுங்களேன்!"

'படிச்சாச்சா?' பகுதிக்கு ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி அனுப்பியிருந்த மெசேஜ் இது. படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு, பதில் எழுத மூன்று நாள் ஆனது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அவர் கேட்ட சரக்கு என்னவென்று பார்த்துவிடலாம். கதையில் ஒரு காதல் இருக்கும், ஒரு மர்மமும் இருக்கும். மர்மம் அவிழாமல் காதல் கைகூடாது என்றால் அது 'ரொமான்டிக் சஸ்பென்ஸ்'. காதலிக்கும் இருவரில் ஒருவர் பேயாகவோ, ரத்தக் காட்டேரியாகவோ, ஓநாய் மனிதராகவோ இருந்தால் அது 'பாராநார்மல் ரொமான்ஸ்'. பெயர்தான் இங்கிலீஷ். போன பிறவிக் காதலை வைத்து 1963-லேயே 'நெஞ்சம் மறப்பதில்லை' எடுத்தவர்கள் நாம். பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிறு கட்டித் தொங்கிய மாத நாவல்களில் ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் இந்திரா சௌந்தர்ராஜனும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினார்கள். ஒரு கையில் க்ரைம், மறு கையில் காதல், பையில் அமானுஷ்யம் என்று மூன்றையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய வீடுகள்தான் நம் வீடுகள்.

அப்புறம் ஏன் மூன்று நாள் யோசித்தேன்? ஒரு முறை சொதப்பியிருக்கிறேன். அதனால்தான்.

'பயமா இருந்தாதானே லவ்வு?'

என் சித்தி பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு. லீவில் வந்தவள், "படிக்க ஏதாவது குடுக்கா" என்றாள். என் அலமாரியில் இருந்த 'ட்வைலைட்'டை எடுத்துக் கொடுத்தேன். ஸ்டெஃபனி மேயர் எழுதி 2005-ல் வெளியான நாவல். பெல்லா என்ற பள்ளி மாணவிக்கும் எட்வர்ட் என்ற ரத்தக் காட்டேரிக்கும் காதல். அவள் வயதில் நானும் உருகி உருகிப் படித்த புத்தகம். அவளும் நாலே நாளில் முடித்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து போன் செய்தாள்.

"அக்கா, டியூஷன் விட்டு வர்றப்ப ஒருத்தன் டெய்லி சைக்கிள்ல பின்னாடியே வர்றான். ஒண்ணுமே பேச மாட்டான். எங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுப் போயிடுவான். எட்வர்ட் மாதிரி இல்ல?"

"உனக்கு அவனைப் பிடிச்சிருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பயமா இருக்குக்கா. ஆனா பயமா இருந்தாதானே அது லவ்வு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்வர்ட், பெல்லாவுக்குத் தெரியாமல் ராத்திரியில் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பதினாலு வயதில் அந்தப் பகுதியை நான் எத்தனை தடவை திருப்பிப் படித்திருப்பேன்! ஒரு தடவைகூட அது தப்பாகத் தெரிந்ததில்லை.

சித்தியிடம் அன்றைக்கே பேசினேன். மறுநாளிலிருந்து டியூஷன் வாசலில் சித்தப்பா போய் நின்றார். ஒரே வாரத்தில் சைக்கிள் காணாமல் போய்விட்டது. விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அவள் கேட்ட அந்தக் கேள்வி என்னை விடவில்லை. புத்தகத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதை அவள் கையில் கொடுத்தபோது, அதோடு ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லாமல் விட்டது நான்தானே?

'உனக்குப் பிரமை' என்று சொன்ன வீடுகள்

அதன் பிறகு இந்த வகைக் கதைகளின் பாட்டிகளைத் தேடித் தேடிப் படித்தேன்.

மூத்த பாட்டி 'ஜேன் ஐர்'. 1847-ல் ஷார்லட் பிராண்டி எழுதியது. தன் பெயரை மறைத்து, கரர் பெல் என்ற பெயரில் வெளியிட்டார். ஒரு பெரிய பங்களாவில் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறாள் ஜேன். முதலாளி மீது காதல் வருகிறது. ராத்திரியில் மேல்மாடியிலிருந்து விநோதமான சிரிப்புச் சத்தமும் வருகிறது. கேட்டால், "அது வேலைக்காரி" என்கிறார்கள். தமிழில் 1969-ல் வந்த 'சாந்தி நிலையம்' படம் பார்த்தவர்களுக்கு இதன் சாயல் பிடிபடும்.

அடுத்து 1938. இங்கிலாந்தில் 'கேஸ் லைட்' என்ற நாடகம் மேடையேறியது. எழுதியவர் பேட்ரிக் ஹாமில்டன். தினமும் மாலையில் வீட்டு விளக்கின் வெளிச்சம் குறைகிறது. மாடியில் காலடிச் சத்தம் கேட்கிறது. மனைவி பயப்படுகிறாள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்பவைக்கப் பார்க்கிறான் கணவன். 1944-ல் ஹாலிவுட்டில் இது படமானபோது, அந்த மனைவியாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. இன்று இன்ஸ்டாவில் ஆளாளுக்குச் சொல்லும் 'கேஸ்லைட்டிங்' என்ற வார்த்தை பிறந்தது இந்தக் கதையிலிருந்துதான்.

அதே 1938-ல்தான் டாஃப்னே டு மாரியேவின் 'ரெபெக்கா' நாவலும் வந்தது.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. தெரியாத வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் படுகிறது. சுற்றியிருப்பவர்கள் மறைக்கிறார்கள், இல்லையென்றால் "உனக்குப் பிரமை" என்கிறார்கள். கதை மட்டும்தான் அவள் பக்கம் நிற்கிறது. காரணத்தை அவள் தப்பாக யூகித்திருக்கலாம். ஆனால் ஏதோ மறைக்கப்படுகிறது என்று அவள் உணர்ந்தது தப்பே இல்லை என்று கடைசியில் நிரூபிக்கிறது.

இந்த வகை நாவல்களைப் பெண்கள் ஏன் விடாமல் படிக்கிறார்கள் என்று எனக்கு அப்போது கொஞ்சம் புரிந்தது. முழுசாகப் புரியவைத்தது என் பெரியம்மா.

பெரியம்மாவுக்குச் சொன்ன கதை

பெரியம்மா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். மாத நாவல்களை விட்டுவைக்காதவர். போன வருஷம் கண்புரை ஆபரேஷன் ஆனது. கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்கு சிரமம் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட, "படிக்காம பைத்தியம் பிடிக்குதுடி. நீ ஏதாவது கதை சொல்லு" என்றார். தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு, ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று போனில் 'ரெபெக்கா'வைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அம்மா அப்பா இல்லாத ஓர் இளம்பெண். பணக்கார அம்மாள் ஒருவருக்குத் துணையாக மான்டி கார்லோவுக்குப் போகிறாள். அங்கே மனைவியை இழந்த மேக்ஸிம் என்பவரைச் சந்திக்கிறாள். அவசரக் கல்யாணம். மேண்டர்லி என்ற அவருடைய அரண்மனை போன்ற வீட்டுக்குப் போகிறார்கள்.

"பொண்ணுக்குப் பேரு என்னடி?" என்றார் பெரியம்மா.

"பேரே கிடையாது பெரியம்மா. கடைசி வரைக்கும் அந்த அம்மா அவ பேரைச் சொல்லவே இல்ல. செத்துப்போன மொத மனைவி பேர்தான் ரெபெக்கா. புத்தகத்துக்கே அவ பேர்தான்."

"ம்... சொல்லு."

மூன்றாம் நாள் ராத்திரி. வீட்டு நிர்வாகி மிஸஸ் டேன்வர்ஸ், ரெபெக்காவின் படுக்கையறையை அவள் விட்டுப்போன மாதிரியே வைத்திருக்கிறாள். இரவு உடை, தலைவாரும் பிரஷ் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எந்தப் பொருளை எடுத்தாலும் 'ஆர்' என்ற எழுத்து. புதுப்பெண் எங்கே கை வைத்தாலும் அங்கே ரெபெக்கா இருக்கிறாள்.

பெரியம்மாவிடமிருந்து 'ம்' வரவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"லைன்ல இருக்கீங்களா பெரியம்மா?"

"இருக்கேன்டி. எங்க வீட்டு எவர்சில்வர் பாத்திரம் அத்தனையிலயும் அக்கா பேருதான் வெட்டியிருக்கும். தூக்கு, சொம்பு, குடம்... ஒண்ணு பாக்கியில்ல."

பெரியம்மா இரண்டாம் தாரம் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அன்றைக்குக் கதையை அவர் சொன்னார்.

இருபது வயதில் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். கூடத்தில் மாலை போட்ட போட்டோ. யாரும் பெரியம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "புதுசு, இங்க வா. புதுசு, காபி கொண்டா." 'அக்கா' எப்படி இறந்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாமியாரிடம் கேட்டால், "கண்டதையும் நினைச்சுக்காம வேலையப் பாரு" என்பார். தெருக்குழாயில் பேசிக்கொண்டிருப்பவர்கள் இவர் குடத்தோடு போனதும் பேச்சை நிறுத்துவார்கள்.

"உங்க பெரியப்பா சாதுவான மனுஷன். அதட்டிப் பேசினதில்ல. ஆனாலும் ராத்திரி அவரு தண்ணி குடிக்க எந்திரிச்சாகூட எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். இவரு கட்டின மொத தாலிக்கு என்ன ஆச்சோன்னு நினைச்சுக்கிட்டே படுத்திருப்பேன்."

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு திதி அன்றைக்குப் பெரியப்பாவே வாய் திறந்திருக்கிறார். மஞ்சள் காமாலை. நாட்டு மருந்திலேயே சரியாகிவிடும் என்று அவர் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது காலம் கடந்துவிட்டது. தன் தப்பு என்று நினைத்து நினைத்தே அவர் பேசாமல் இருந்திருக்கிறார்.

"அவ்ளோதான்டி விஷயம். கல்யாணத்தன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தூங்கியிருப்பேன். சொல்லாததால ஒன்றரை வருஷம் தூங்கல. சரி, அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? சொல்லு."

டு மாரியேவின் கணவருக்கும், இவரைக் கட்டுவதற்கு முன்னால் வேறொரு பெண்ணோடு நிச்சயதார்த்தம் ஆகி முறிந்திருந்தது. அந்தப் பெண் மேல் வந்த பொறாமையும் 'ரெபெக்கா'வுக்கு ஒரு விதை என்பார்கள். கணவர் ராணுவ அதிகாரி. அவரோடு எகிப்தில் இருந்தபோதுதான் நாவலை எழுத ஆரம்பித்தார். எகிப்தில் உட்கார்ந்து இங்கிலாந்துக்காரர் எழுதிய பயம், தஞ்சாவூர் கிராமத்துப் பெரியம்மாவுக்கு அச்சு அசலாகப் பொருந்தியிருக்கிறது.

நம்ம ஊர் நீலி

"பேய் இருந்தா டபுள் ஓகே" என்று கேட்ட தங்கைக்கு இப்போது வருகிறேன்.

நம்மிடம் ஒரு பழைய பேய் இருக்கிறாள், பழையனூர் நீலி. திருவாலங்காடு பக்கத்துக் கதை. முற்பிறவியில் கட்டியவன் கையாலேயே கொல்லப்பட்டவள். பேயாக வந்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவன் என் புருஷன்" என்று ஊர் நடுவில் அழுகிறாள். அவனோ, "இவள் பேய்" என்று கதறுகிறான். ஊர்ப் பெரியவர்களான 70 வேளாளர்கள் அவள் அழுகையை நம்பி, அவனுக்கு ஏதாவது ஆனால் நாங்கள் உயிரைக் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே அறையில் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். கொடுத்த வாக்கின்படி 70 பேரும் உயிரைவிட்டார்கள் என்கிறது கதை.

'நீலிக்கண்ணீர்' என்று நாம் இன்றும் சொல்கிறோம். ஊர் நடுவில் அவள் அழுதது நடிப்புதான், சரி. ஆனால் முதலில் அவளைக் கொன்றது யார் என்பதை அந்தச் சொல் மறந்துவிட்டது. மேலைநாட்டுப் பேய்க்காதல் நாவல்களில் இறந்தவர்கள் பெரும்பாலும் காதலுக்காகத் திரும்பி வருகிறார்கள். நம் நீலி கணக்குத் தீர்க்க வந்தாள். உயிரோடு இருந்தபோது அவள் சொல்லை யார் கேட்டார்கள் என்று கதையில் எங்கேயும் இல்லை.

சிபாரிசு செய்யும் முன் இரண்டு கேள்விகள்

இப்போதெல்லாம் இந்த வகையில் ஒரு நாவலை யாரிடமாவது கொடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, பயந்தவள் சொல்வதைக் கதை மதிக்கிறதா? இல்லை, 'பயம்தான் காதல், ரசி' என்கிறதா? இரண்டு, அவள் 'வேண்டாம்' என்றால் அவன் நிற்கிறானா?

இரண்டுக்கும் நல்ல பதில் இல்லாத நாவலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 'ட்வைலைட்'டை இன்றைக்கும் கொடுப்பேன். கூடவே, "அந்த ராத்திரி சீன் வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணு" என்று சொல்லிக் கொடுப்பேன். இன்னொன்று தெரியுமா? 2015-ல் ஸ்டெஃபனி மேயரே அதே கதையில் ஆண், பெண் பாத்திரங்களை இடம் மாற்றி 'லைஃப் அண்ட் டெத்' என்று எழுதினார். சித்தி பெண்ணோடு நானும் அந்த விளையாட்டை விளையாடிப் பார்த்தேன். "ஒரு பொண்ணு ராத்திரி ஒரு பையன் ரூமுக்குள்ள போய் உக்காந்திருந்தா?" என்றேன். "அய்யய்யோ, பேய்க்கா!" என்றாள். அவ்வளவுதான், பாடம் முடிந்தது.

யாருக்கு எது?

அம்மாவும் மகளும் சேர்ந்து படிக்க: மேரி ஸ்டூவர்ட்டின் 'நைன் கோச்சஸ் வெய்ட்டிங்' (1958). பிரான்ஸ் மலைப்பகுதியில் ஒரு மாளிகை. சொத்துக்கு வாரிசான ஒன்பது வயதுப் பையன். அவனுக்குப் பாடம் சொல்ல வந்த லிண்டா. பையனை யாரோ கொல்லப் பார்க்கிறார்கள். அவள் காதலிப்பவன் மீதும் சந்தேகம் விழுகிறது. காதலா, குழந்தையின் உயிரா என்று வரும்போது லிண்டா எடுக்கும் முடிவுக்காகவே படிக்கலாம். முதல் சிபாரிசு இதுதான்.

பழைய வாடகை நூலக வாசம் பிடித்தவர்களுக்கு: விக்டோரியா ஹோல்ட்டின் 'மிஸ்ட்ரஸ் ஆஃப் மெல்லின்' (1960). கடலோர மாளிகை, இறந்துபோன எஜமானி, புதிதாக வந்த ஆசிரியை. எலினார் ஹிப்பர்ட் என்பவரின் புனைபெயர்தான் இது. சரித்திர நாவல்கள் எழுதிய ஜீன் பிளெய்டியும் இவரேதான்!

பேய் வேண்டும், ஆனால் பயம் வேண்டாம் என்பவர்களுக்கு: 'தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்' (1945). ஆர்.ஏ.டிக் என்ற பெயரில் ஜோசபின் லெஸ்லி எழுதியது. புகுந்த வீட்டாரின் அதிகாரம் தாங்காமல், குழந்தைகளோடு கடலோர வீட்டுக்குத் தனியாக வரும் ஓர் இளம் விதவை. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் கப்பல் கேப்டனின் ஆவி. சண்டை போட்டுக்கொண்டே நண்பர்களாகிறார்கள். கணவனை இழந்த என் தோழியின் அம்மா இதைப் படித்துவிட்டு, "இந்த ஆவி பரவாயில்லையே" என்றார்.

பெரியவர்களுக்கு மட்டும்: சில்வியா மொரேனோ கார்சியாவின் 'மெக்ஸிகன் காதிக்' (2020). "என் கணவர் எனக்கு விஷம் வைக்கிறார்" என்று புதிதாகக் கல்யாணமான உறவுக்காரப் பெண்ணிடமிருந்து கடிதம் வருகிறது. பிரமை என்று தள்ளிவிடாமல், நேரில் பார்த்துவரக் கிளம்புகிறாள் நோயெமி. 1950-களின் மெக்ஸிகோவில் நடக்கும் கதை. வன்முறையும் அருவருப்பான காட்சிகளும் உண்டு. இளகிய மனதுக்காரர்கள் தவிர்க்கலாம்.

தமிழில்: பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டும் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. இதில் காதல் கம்மி, திகில் அதிகம். 90-களில் டி.வி. தொடராக வந்து ஊரையே உறையவைத்த இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு'. அம்மாவிடம் சொன்னால் உங்களுக்கு முன்னால் அவரே போனைப் பிடுங்கிக்கொள்வார்.

ஒரு டிப்ஸ். 'ஜேன் ஐர்' காப்புரிமை முடிந்த நாவல் என்பதால் போனில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது. மற்றவற்றை வாங்கியோ, நூலகத்தில் எடுத்தோ படியுங்கள். டெலிகிராமில் வரும் திருட்டு பி.டி.எஃப் வேண்டாமே!

'ரெபெக்கா'வைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அதை நீங்கள் படிக்க வேண்டாம், அம்மாவுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். தினம் ஒரு அத்தியாயம் போதும். நடுவில் அவர் 'ம்' கொட்டுவது நின்றால், கதையை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

எனக்கு ஒன்பது ராத்திரி ஆனது. மேண்டர்லிக்கு என்ன ஆகிறது என்று சொல்லி முடித்த பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அந்தப் பாத்திரம் எல்லாம் என்ன பண்ணீங்க பெரியம்மா?"

"என்ன பண்றது? பாத்திரம்னா புழங்கத்தானே? பேர் வெட்டுற ஆளு ஒருநாள் தெருவுல வந்தான். அக்கா பேருக்குக் கீழயே என் பேரையும் வெட்டச் சொன்னேன். இப்ப நீ ஊருக்கு வந்தா, அந்தச் சொம்புலதான்டி உனக்குத் தண்ணி தர்றேன். பார்த்ததில்லையா நீ?"

இத்தனை வருஷம் அதில் தண்ணீர் குடித்திருக்கிறேன். பார்த்ததில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்க்க வேண்டும்.

(அடுத்த வாரம்: துப்பறியும் தாத்தா பாட்டிகள்!)